மண்ணுக்குப் புள்ளி கிடையாது

“மண்ணையும் இதுல சேர்த்திருக்கியாம்மா?”

என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு எங்கள் கட்டடத்துக்குப் பசுமைச் சான்று வாங்க வழிகாட்டிய ஆலோசகர் கேட்டார். திரையில் 93 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டு, பச்சைக் கலர் வேறு அடித்து வைத்திருந்தேன். கட்டுமானக் கழிவில் நூற்றுக்கு 93 பங்கு குப்பைமேட்டுக்குப் போகவில்லை என்று ஒரு வாரமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்திருந்தேன். சைட்டிலிருந்து அதுவரை வெளியே போனது மொத்தம் 2,400 டன். அதில் 2,232 டன் வேறு எங்கோ உபயோகமாகப் போனதற்கு எடைச் சீட்டு என் ஃபைலில் இருந்தது.

“ஆமா மேடம். அஸ்திவாரம் தோண்டின மண்ணு. ஒரு பள்ளத்தை மேடாக்கத்தான் போச்சு. குப்பைக்குப் போகல.”

“நல்ல விஷயம்தான். ஆனா மண்ணு கணக்குலயே வராது. எடுத்துட்டுப் போட்டுப் பாரு.”

2,000 டன் மண்ணைக் கழித்தேன். மிச்சம் 400 டன். அதில் தப்பித்தது 232. 58 சதவீதம். பச்சைக் கலரை நானே எடுத்துவிட்டேன்.

மண் ஏன் வராது என்று அன்றைக்குக் கோபமாக இருந்தது. ராத்திரி யோசித்தபோது புரிந்தது. எந்தக் கட்டடத்துக்கும் பள்ளம் தோண்டித்தான் ஆக வேண்டும். மண் கனம். அதைக் கணக்கில் விட்டால், ஒரு பலகையைக்கூடப் பிரித்து வைக்காமல் எல்லோரும் 90 தாண்டிவிடலாம். விதி எழுதியவர்கள் என்னைப் போன்றவர்களை முன்கூட்டியே பார்த்துவிட்டார்கள்.

நான் சிவில் படித்தவள். ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் சைட் இன்ஜினீயராகச் சேர்ந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது, ஃபைலைத் தொலைக்க மாட்டாள் என்ற இரண்டு காரணங்களுக்காகப் பசுமைச் சான்றுக்கான பேப்பர் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. இரண்டரை வருடம். அதற்குமுன் பசுமைக் கட்டடம் என்றால் மொட்டை மாடியில் சோலார் பலகை, சுவரில் தொங்கும் செடி என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் கட்டடத்தின் சுவரில் ஒரு செடிகூட இல்லை. கடைசியில் தங்கச் சான்று வந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்டது லீட். அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கவுன்சில் 1993-இல் தொடங்கி, 1998-இல் முன்னோட்டமாக வெளியிட்ட முறை. எங்கள் திட்டம் பதிவானது அதன் நான்காம் பதிப்பில். மொத்தம் 110 புள்ளி. 40 வாங்கினால் சான்று, 50-க்கு வெள்ளி, 60-க்குத் தங்கம், 80 தொட்டால் பிளாட்டினம். எங்கே புள்ளி கிடைக்கிறது என்று பார்த்தாலே அவர்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்துவிடும். ஆற்றலுக்கு 33. கட்டடம் எந்த இடத்தில் இருக்கிறது, பஸ்ஸும் ரயிலும் எவ்வளவு பக்கம் என்பதற்கு 16. உள்ளே இருப்பவர்கள் சுவாசிக்கும் காற்று, வெளிச்சம், சத்தம் இதற்கெல்லாம் சேர்த்து 16. பொருட்களுக்கு 13, தண்ணீருக்கு 11, மனையைப் பார்த்துக்கொள்ளும் விதத்துக்கு 10. மிச்சம் சில்லறை.

ஆனால் இந்தப் புள்ளிகளுக்கெல்லாம் முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. முன்நிபந்தனைகள். இவற்றுக்கு ஒரு புள்ளியும் கிடையாது. ஒன்று தவறினாலும் 110-இல் நீங்கள் எத்தனை வைத்திருந்தாலும் சான்று இல்லை. சைட்டிலிருந்து சேறும் தூசியும் வெளியே போகாமல் தடுக்க வேண்டும். கழிவறை, கைகழுவும் குழாய் எல்லாம் சேர்த்து, அவர்கள் வைத்திருக்கும் அடிப்படைக் கணக்கைவிடக் குறைந்தது 20 சதவீதம் தண்ணீரை மிச்சப்படுத்த வேண்டும். தோட்டத்துக்கு 30 சதவீதம். மொத்தக் கட்டடத்துக்கும் மின் மீட்டரும் தண்ணீர் மீட்டரும் தனியாக இருக்க வேண்டும். ஏசியில் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் சி.எஃப்.சி. வாயு இருக்கக் கூடாது. புகைபிடிக்கிறவர் வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் ஏழரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதைச் சொல்லும் பலகை ஒவ்வொரு வாசலுக்கும் மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும். பலகை வைத்தால் போதாது, பலகையும் வாசலும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வை என்றார் ஆலோசகர். எங்கள் பின்வாசல் போட்டோவில் பலகைக்கு நேர் கீழே ஒருவர் பீடியோடு நின்றார். அவரை அனுப்பிவிட்டு மறுபடி எடுத்தேன்.

சேற்று விஷயம் சின்னதாகத் தோன்றும். கேட் பக்கத்தில் லாரி டயர் கழுவ ஒரு தொட்டி கட்டினோம். கழுவிய தண்ணீர் நேராக வடிகாலுக்குப் போகாமல், முதலில் ஒரு குழியில் நின்று மண் அடியில் தங்கியபின் போகும்படி. வாரத்துக்கு ஒருமுறை குழியைத் தூர்வார வேண்டும், தூர்வாரியதற்கும் போட்டோ. முதல் மாதம் லாரி டிரைவர்கள் என்னைத் திட்டாத நாள் கிடையாது. மழை வந்தது. எதிரே இன்னொரு சைட்டின் வாசலிலிருந்து ரோடு நெடுக செம்மண் வழிந்துகொண்டிருந்தது, எங்கள் வாசல் முன்னால் தார் தெரிந்தது. அன்றைக்கு மேஸ்திரி, “ஏம்மா, உன் போட்டோ வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்கத்தான் செய்யுது” என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

ஆற்றல் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில் நடக்கிறது. உங்கள் கட்டடத்தை அப்படியே ஒரு மென்பொருளில் கட்டுகிறார்கள்: சுவர், கூரை, கண்ணாடி, விளக்கு, ஏசி, எத்தனை பேர் எத்தனை மணிக்கு வருவார்கள் என்பது வரை. அதன் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு கட்டடம், ஆஷ்ரே 90.1 என்ற தரவிதி சொல்கிற சாதாரணமான கட்டடம். இரண்டையும் ஒரு வருடம் ‘ஓட்டி’ எதற்கு ஆற்றல் செலவு குறைவு என்று பார்ப்பது. புதுக் கட்டடம் குறைந்தது 5 சதவீதம் மிச்சம் காட்டினால்தான் வாசலைத் தாண்டலாம்; 50 சதவீதம் காட்டினால் 18 புள்ளி. எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று இதில் உண்டு. அந்தச் சாதாரணக் கட்டடத்தை அப்படியே ஒருமுறை ஓட்டி நிறுத்த மாட்டார்கள். 90, 180, 270 டிகிரி என்று திருப்பித் திருப்பி வைத்து நான்கு தடவை ஓட்டிச் சராசரி எடுப்பார்கள். மேற்கு வெயிலைத் தவிர்த்து நீங்கள் கட்டடத்தைச் சரியான திசையில் வைத்திருந்தால் அந்த யோசனைக்கான பலன் உங்கள் கணக்கில் வந்து சேரும். செலவே இல்லாத பலன், கோடு போடும் நாளிலேயே யோசித்திருந்தால்.

கணக்கு என்னவோ நேர்த்திதான். கணக்குக்கும் சைட்டுக்கும் நடுவில் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் இருக்கிறது. வெளிக் கண்ணாடியின் வெப்ப ஊடுருவல் எண் 0.25 என்று வைத்துத்தான் மாடல் ஓடியது; அதாவது மேலே விழும் வெயிலின் வெப்பத்தில் கால் பங்குதான் உள்ளே வரும். வந்திறங்கிய கண்ணாடியின் டேட்டா ஷீட்டை ஸ்டோரில் வாங்கிப் பார்த்தேன். 0.32. “அதே கம்பெனி, அதே கலர் மேடம், பார்த்தா வித்தியாசமே தெரியாது” என்றார்கள். கண்ணுக்குத் தெரியாதுதான். மூன்று மாடிக்கு மாட்டியாகிவிட்டது. மாடலை மறுபடி ஓட்டினோம், இரண்டு புள்ளி போயிற்று. நான் டேட்டா ஷீட்டைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு புள்ளியும் இருந்திருக்கும் என்று எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் பாதி விளையாட்டாகச் சொன்னார். மீதிப் பாதி விளையாட்டு இல்லை.

அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. லீட்டில் சரிபார்க்கிறவர்கள் சைட்டுக்கு வருவதில்லை. ஜி.பி.சி.ஐ. என்ற தனி அமைப்பின் பரிசீலகர்கள் ஆன்லைனில் நாம் ஏற்றி வைத்த படிவம், வரைபடம், போட்டோ, ரசீது இவற்றைத்தான் பார்க்கிறார்கள். வடிவமைப்பு சம்பந்தமானதை முதலில் அனுப்பலாம், கட்டுமானம் சம்பந்தமானதைக் கட்டி முடித்தபின். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 25 வேலை நாள். கேள்வி வரும், பதில் தர வேண்டும், மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் மறுத்தால் மேல்முறையீடு உண்டு. அவர்கள் கேட்ட கேள்விகளில் சில என்னை வெட்கப்பட வைத்தன. ஒரு வரைபடத்தில் ஐந்தாம் மாடியின் பரப்பளவும் இன்னொரு படிவத்தில் அதே மாடியின் பரப்பளவும் ஒத்துப்போகவில்லை என்று எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் கண்டுபிடித்திருந்தார். நாங்கள் பத்துப் பேர் இரண்டு வருடமாகக் கவனிக்காதது. அதே மனிதருக்கு நான் அனுப்பிய போட்டோவில் ஃபிரேமுக்கு வெளியே என்ன இருந்தது என்று மட்டும் தெரிய வழியில்லை.

லீட்டுக்கு மூத்த சான்று முறையான பிரீம் அப்படி இல்லை. பிரிட்டனில் 1990-இல் வந்தது. அதில் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் நேரில் வந்து கட்டடத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவார், அந்த அறிக்கையை மேலே ஒரு குழு சோதிக்கும். அங்கே புள்ளிக் கூட்டலுக்குப் பதில் சதவீதம்: 30-க்குப் பாஸ், 85-க்கு ‘அவுட்ஸ்டாண்டிங்’. ஜெர்மனியில் பிறந்த பாசிவ் ஹவுஸ் இன்னும் கறார். தார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் குடியேறிய நான்கு வீடுகளிலிருந்து வளர்ந்தது. சைக்கிள் நிறுத்துமிடம் பற்றியெல்லாம் அதற்குக் கவலை கிடையாது. வெளிக்கதவில் ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளியேவுக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, ஒரு மணி நேரத்தில் வீட்டின் மொத்தக் காற்றில் 0.6 பங்குக்கு மேல் கசியக் கூடாது என்று சோதிப்பார்கள். கசிந்தால் கசிந்த இடத்தைத் தேடி அடைக்க வேண்டியதுதான், அங்கே போட்டோ உதவாது. சதுர மீட்டருக்கு வருடம் 15 யூனிட் வெப்பமே போதும் என்கிற அளவுக்கு வீடு இருக்க வேண்டும் என்பது அதன் புகழ்பெற்ற எண். உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. நடத்தும் எட்ஜ் எளிமை: ஆற்றல், தண்ணீர், கட்டடப் பொருட்கள் மூன்றிலும் தலா 20 சதவீதம் மிச்சம் காட்டு, போதும். இந்தியாவில் கிருஹா, சிங்கப்பூரில் கிரீன் மார்க், ஜப்பானில் காஸ்பீ என்று ஆளுக்கு ஒன்று.

எங்கள் சைட்டுக்குத் திரும்புகிறேன்.

மண் விஷயம் தெரிந்த மறுநாள் நான்கு தொட்டி வைத்தோம். கம்பி, பலகை, கான்கிரீட் உடைசல், அட்டை. ஜிப்சம் பலகைத் துண்டுகள் வர ஆரம்பித்ததும் ஐந்தாவது. விதி இப்படி: பாதிக் கழிவைக் குப்பைமேட்டுக்குப் போகாமல் திருப்பி, குறைந்தது மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினால் ஒரு புள்ளி, முக்கால் பங்கும் நான்கு வகையும் என்றால் இரண்டு. கலந்து கட்டி ஒரே லாரியில் அனுப்பினால் அதில் எத்தனை பொருள் இருந்தாலும் ஒரு வகைதான். நிறம் அடித்துப் பெயர் எழுதி வைத்த தொட்டிகளில் முதல் வாரம் எல்லாவற்றிலும் எல்லாமும் கிடந்தது. எழுத்தை யார் படிக்கிறார்கள்? பெயரை அழித்துவிட்டு, கம்பித் தொட்டியில் நிஜமான ஒரு கம்பியையும் பலகைத் தொட்டியில் ஒரு பலகைத் துண்டையும் வெளிப்பக்கமாகக் கட்டித் தொங்கவிட்டோம். சித்தாள் அக்கா ஒருவர் சொன்ன யோசனை. அதற்குப் பிறகு பிரச்சினை பாதியாகக் குறைந்தது.

முடிவில் மண் நீங்கலாக 900 டன், திருப்பியது 639. 71 சதவீதம். முதல் 400 டன்னில் தூங்காமல் இருந்திருந்தால் 75-ஐத் தொட்டிருப்போம். தேவைப்பட்டது இன்னும் 36 டன். என்னால் போனது ஒரு புள்ளி. பின்னால் வந்த 500 டன்னில் 407 டன்னைக் காப்பாற்றினோம் என்பதை யாராவது கேட்டால் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

அடுத்த புள்ளி இரண்டு டின் பசையில் போயிற்று. உள்ளே பூசும் பெயின்ட், ஒட்டும் பசை இவற்றிலிருந்து ஆவியாகும் வேதிப்பொருட்களுக்கு வரம்பு உண்டு. வி.ஓ.சி. என்பார்கள். புதுக் கட்டட வாசனை என்று நாம் மூச்சை இழுத்து ரசிப்பதில் பெரும்பகுதி இதுதான். பசை வகையில், உள்ளே பயன்படுத்திய பசை அத்தனையும் வி.ஓ.சி. வரம்புக்குள் இருக்க வேண்டும். 99 சதவீதம் போதாது. நாங்கள் சரியான பசைக்குத்தான் ஒப்புதல் தந்திருந்தோம். ஐந்தாம் மாடியில் அலமாரி வேலை அவசரமாக நடந்த ஒரு ராத்திரி, பசை தீர்ந்துவிட்டது. ஆசாரி அண்ணன் கைக்காசைப் போட்டு வெளியே இரண்டு டின் வாங்கி வந்து வேலையை முடித்துவிட்டார். காலையில் காலி டின்கள் கிடந்தன. “வேலை நிக்கக் கூடாதுன்னுதான் தங்கச்சி வாங்கிட்டு வந்தேன்” என்றார். அவரை என்ன சொல்வது? வேலை நின்றிருந்தால் அதற்கும் அவரைத்தான் திட்டியிருப்பார்கள்.

டின்னை ஓரமாகப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். யோசிக்காமல் இல்லை. ஆலோசகரிடம் போட்டோ அனுப்பினேன். பத்து நிமிடம் பதில் வரவில்லை. பிறகு, “அந்த வகையை விட்டுடலாம். ஒரு பாயின்ட்தான்” என்று வந்தது.

அந்தப் பசை பின்னாலும் விடவில்லை. குடிவருவதற்கு முன் உள்காற்றைச் சுத்தப்படுத்த இரண்டு வழி. ஒன்று, வெளிக்காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு சதுர அடிக்கும் 14,000 கன அடி காற்று. சதுர அடிக்கு நிமிடத்துக்கு 0.3 கன அடி வீதம் தள்ளினால் இரவு பகல் நிற்காமல் 32 நாள் ஆகும். கூடவே உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வெப்பம் 15 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எந்த உரிமையாளர் கட்டி முடித்த கட்டடத்தை ஒரு மாதம் சும்மா வைத்துக் காற்று வாங்க விடுவார்? ஆகவே இரண்டாவது வழி, காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது. இதற்குப் புள்ளியும் இரண்டு. ஃபார்மால்டிஹைட் நூறு கோடியில் 27 பங்கைத் தாண்டக் கூடாது. ஆவியாகும் பொருட்கள் மொத்தமாக ஒரு கன மீட்டரில் 500 மைக்ரோகிராமுக்குள். மற்ற எல்லா மாடியும் பாஸ். ஐந்தாம் மாடி ஃபெயில். முடிவு வருவதற்கு முன்பே என் மூக்குக்குத் தெரியும். அலமாரிக் கதவுகளை எல்லாம் திறந்து வைத்து, இரண்டு வாரம் ராத்திரி முழுக்க வெளிக்காற்றை ஓடவிட்டு, அதே இடங்களில் மறுபடி எடுத்த மாதிரிதான் தேறியது.

டக்ட் பற்றி ஒரு வார்த்தை. ஏசிக் காற்று போகும் தகரக் குழாய்கள் மாட்டுகிற காலம் முழுவதும் அவற்றின் வாயை பாலிதீன் ஷீட்டால் மூடி வைக்க வேண்டும், தூசி உள்ளே போகாமல். இது எளிய விதி, எல்லோரும் மீறுவது. நான் தினமும் காலையில் ஏழு மாடியும் ஏறி இறங்கி திறந்திருக்கும் வாய்களை எண்ணுவேன். ஒரு நாள் ஒரு டக்டுக்குள் யாரோ சட்டையும் செருப்பும் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

இவ்வளவு சொன்னதில் எது மெய்யாகவே உபயோகம் என்று கேட்டால், புள்ளியே இல்லாத ஒன்றைத்தான் காட்டுவேன். கமிஷனிங். கட்டடம் முடிந்ததும், அதை வடிவமைக்காத, மாட்டாத மூன்றாவது ஆள் ஒருவர் வந்து, ஒவ்வொரு இயந்திரமும் காகிதத்தில் சொன்னபடி நடக்கிறதா என்று இயக்கிப் பார்ப்பது. அடிப்படைக் கமிஷனிங் முன்நிபந்தனை, புள்ளி கிடையாது. கூடுதலாகச் செய்தால்தான் புள்ளி. எங்களுக்கு வந்தவர் ஐம்பது வயது தாண்டிய ஒல்லியான மனிதர். பேச மாட்டார். மூன்றாம் மாடியில் இரண்டு மீட்டிங் அறைகள் அடுத்தடுத்து இருந்தன. ஆட்கள் கூடக்கூட மூச்சில் கரியமில வாயு ஏறும்; சுவரில் உள்ள சென்சார் அதைப் பார்த்துக் கூரையில் காற்று வழியை மூடியிருக்கும் டாம்பர் என்ற தகட்டைத் திறந்து வெளிக்காற்றைக் கூட்டும். இதுதான் வடிவமைப்பு. எல்லாம் மாட்டியாயிற்று, ஸ்கிரீனில் எல்லாம் பச்சையாக இருந்தது.

அவர் சென்சாரின் முன் போய் நின்று அதன் முகத்தில் நிதானமாக ஊதினார். ஒருமுறை, இரண்டு முறை, ஐந்து முறை. ஸ்கிரீனில் எண் 1,800-ஐத் தாண்டியது. தலைக்கு மேலே டாம்பர் அசையவில்லை. நாங்கள் நான்கு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பக்கத்து அறையிலிருந்து ‘உஸ்’ என்று காற்று இறங்கும் சத்தம் கேட்டது.

அவர் என்னைப் பார்த்து, “எழுதிக்கோங்க” என்றார்.

இரண்டு அறைகளின் வயரும் இடம் மாறி இருந்தது. இந்த அறையில் ஆள் நிரம்பினால் அந்த அறைக்குக் காற்று. அவர் வந்திருக்காவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. மதியம் மீட்டிங்கில் எல்லோருக்கும் கண் சொக்கும், பேசுகிறவர் அறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார்கள். அப்படி 46 குறைகளை அவர் எழுதவைத்தார். தலைகீழாக மாட்டிய வால்வு ஒன்று, இரவில் அணையாத விளக்குகள் ஒரு மாடி முழுக்க. அந்த 46-ஐயும் நான் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். தங்கத் தகடு அல்ல, அந்தப் பட்டியல்தான் எனக்குக் கட்டடத்தின் ஜாதகம்.

எதிர்ப்பக்கம் சில புள்ளிகள் இருக்கின்றன. குழுவில் லீட் தேர்வு எழுதி சிறப்புத் தகுதி வாங்கிய ஆள் ஒருவர் இருந்தால் ஒரு புள்ளி. சைக்கிள் நிறுத்த இடமும் குளிக்கும் அறையும் சைக்கிள் பாதையோடு தொடர்பும் காட்டினால் ஒரு புள்ளி. 65 எதிர்பார்த்து இறங்கினோம். கழிவில் ஒன்று, கண்ணாடியில் இரண்டு, பசையில் ஒன்று போய் 61-இல் நின்றோம். சைக்கிள் ஸ்டாண்டும், ஆலோசகர் என்றைக்கோ பாஸான தேர்வும் இல்லையென்றால் 59. வெள்ளி. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், ப்ராஜெக்ட் மேனேஜருக்கு வராது. எப்போதும் ஐந்தாறு புள்ளி கையிருப்போடு இறங்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வது. ஏன் என்று எனக்குத் தெரியும்.

சிமென்ட்டும் கம்பியும் உற்பத்தியாகும்போதே வெளியேறிய கார்பனைப் பற்றி நான்காம் பதிப்பு பெரிதாகக் கட்டாயப்படுத்தவில்லை. அது விருப்பப் புள்ளி. 2025-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதைக் கணக்கிட்டுக் காட்டுவது முன்நிபந்தனை ஆகிவிட்டது. இனி என் வேலையில் உட்காருகிறவர் ஒவ்வொரு கான்கிரீட் லாரிக்கும் ஒரு சீட்டு கூடுதலாகச் சேர்ப்பார்.

புதுக் கட்டடத்துக்குக் கொடுத்த லீட் சான்று காலாவதி ஆகாது. எங்கள் மண்டபத்துச் சுவரில் அது மாட்டியே இருக்கும், உள்ளே என்ன நடந்தாலும். ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் முறை இதற்கு நேர் எதிர்: 12 மாத மின் கட்டண ரசீதைக் காட்டினால்தான் நட்சத்திரம், அடுத்த வருடம் மறுபடி. லிவிங் பில்டிங் சேலஞ்ச் என்ற சான்று முறையும் ஒரு வருடம் கட்டடத்தில் வாழ்ந்து காட்டச் சொல்கிறது. என்னைக் கேட்டால் இந்த இரண்டுக்கும்தான் ஓட்டுப் போடுவேன். லீட்டில் ஒரு சின்னக் கட்டாயம் மட்டும் இருக்கிறது: மீட்டர் அளவுகளை ஐந்து வருடம் அவர்களோடு பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வேலையும் என்னிடமே தங்கிவிட்டது. வேறு சைட்டுக்கு மாறியபிறகும் மாதாமாதம் கட்டடப் பராமரிப்புப் பொறுப்பாளர் எண்களை அனுப்புவார், நான் ஏற்றி வைப்பேன்.

போன மாதம் தினசரிக் கணக்காக வாங்கிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் கிட்டத்தட்ட ஒரே எண். போன் போட்டேன்.

“ஞாயித்துக்கிழமை யாராவது வேலைக்கு வர்றாங்களா அண்ணே?”

“இல்லையே மேடம். செக்யூரிட்டி மட்டும்தான்.”

“அப்போ ஏசி யூனிட் ஓடுதா பாருங்களேன்.”

போனை வைக்காமலே நடந்தார். மெஷின் ரூம் கதவு திறக்கும் சத்தம், அப்புறம் மின்விசிறியின் இரைச்சல் போனிலேயே கேட்டது. நாலாம் மாடியில் யாரோ புழுக்கமாக இருக்கிறது என்று புகார் சொன்னார்களாம். ஆட்டோவில் இருந்த சுவிட்சை, தானாக நிற்காத ஹேண்டுக்குத் திருப்பி வைத்திருக்கிறார்கள். எப்போது என்று கேட்டேன்.

“அது ஆச்சு மேடம், ஒரு எட்டு மாசம்.”

திருப்பி ஆட்டோவில் போடச் சொன்னேன். இரைச்சல் உடனே நிற்கவில்லை. விசிறி மெதுவாகச் சுற்றி அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. அதுவரை இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.